சும்மா என்று எழுதிய குப்பி

பிலோமினா இறந்த செய்தி வந்தபோது நான் தராசின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூச்சுக்காற்று பட்டாலே எண் ஆடும் தராசு அது. கைபேசியில் அவர் மகள் ஜெனிதா. "மேடம், அம்மா காத்தால எயிந்துக்கவே இல்ல மேடம்" என்றார். "சரிம்மா, வரேன்" என்று வைத்துவிட்டேன். பிறகு இடுக்கியில் இருந்த ஃபில்டர் தாளைத் தராசில் வைத்து, கண்ணாடிக் கதவை மூடி, எண் நிற்கும்வரை காத்திருந்து, எடையை எழுதினேன். எழுதிய பிறகுதான் அழுகை வந்தது. கல்மனசுக்காரி என்று யாராவது நினைக்கலாம். பிலோமினா நினைக்க மாட்டார். அழுதுகொண்டே எடுத்த எடை என்றால் அதை அடித்துவிட்டு மறுபடி போடச் சொல்லியிருப்பார்.

ஆய்வக நண்பர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அவருடன் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். வேதியியல் பிரிவு வத்சலா என்றால் தெரியாதவர்கள் சிலர் இருக்கலாம். என் துடைக்கும் துணியைத் தெரியாதவர்கள் நம் ஆய்வகத்தில் யாரும் இல்லை. நல்ல நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அடக்கத்தன்று நடந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

பட்டினப்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். துக்க வீட்டில் கொஞ்ச நேரம் போனால் பேச்சு எப்படியும் சிரிப்புப் பக்கம் திரும்பிவிடும். நம்மில் ஒருவர், பிரியத்தோடுதான், ஜெனிதாவிடம் அந்தப் பழைய கதையை எடுத்தார். "உங்கம்மா மீன் ஐஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டு காத்தை அளந்தாங்கம்மா. மயிலாப்பூர் மாடு பாவம், ஒண்ணுமே பண்ணல, அது தலையில பழி!" எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிதாவும் சிரித்தார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தக் கதை பொய். அது பொய் என்று அறிந்தவர்கள் இரண்டே பேர் என்று அன்று நினைத்திருந்தேன். ஒருவர் உள்ளே பெட்டியில் படுத்திருந்தார். இன்னொருத்தி வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

நம் வேலையைப் பார்த்திராத உறவினர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் ஒரு மோட்டார் நாள் முழுவதும் காற்றை இழுக்கும். தூசி தாளில் படியும். வாயுக்கள் பக்கத்திலுள்ள கண்ணாடிக் குழாய்களில் கரைசலுக்குள் குமிழியிட்டு இறங்கும். தாளை எடை போட்டால் தூசி எவ்வளவென்று தெரியும். கரைசலில் மருந்து சேர்த்து நிறம் வரவழைத்தால் வாயு எவ்வளவென்று தெரியும். மாடிக்குப் போய்க் கொண்டுவருவது பிலோமினாவின் வேலை. நிறம் பார்ப்பது என் வேலை. பத்தாவது முடித்து, அம்மாவின் மீன் கடையில் சில வருடங்கள் உட்கார்ந்துவிட்டு, குப்பி கழுவ நம்மிடம் வந்தவர் அவர். இரண்டே வருடத்தில் அடையாறு முதல் தி.நகர் வரை எல்லா மாடிச் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்கின.

தீபாவளி நேரத்தில் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடை மாடிக்கு அவருடன் போயிருக்கிறேன். கீழே எள் போட இடமில்லாத கூட்டம். மாடிக் கதவைத் திறந்ததுமே நின்றுவிட்டார். "மோட்டாரு இழுக்கல மேடம். மூச்சு வாங்குது, கேளுங்கோ" என்றார். எனக்கு எல்லா மோட்டாரும் ஒரே இரைச்சல்தான். கிட்டே போய் அழுத்தம் காட்டும் குழாயைப் பார்த்தால், நீர்மட்டம் நிற்கவேண்டிய கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, கார்பன் பிரஷ், தேய்ந்திருந்தது. அன்றைய தாள் கன்னங்கரேலென்று இருந்தது. மேலதிகாரிகளுக்குக் காட்ட அருமையான தாள், ஆனால் எவ்வளவு காற்றை இழுத்தது என்று தெரியாத தாள். "இது செல்லாது" என்று குறுக்கே கோடு போட்டு என்னிடம் தந்தார்.

அடையாற்றில் ஒரு வீடு. இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் மூன்று முறை தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் குறைவாகக் காட்டியது. வீட்டுக்காரர் "கரண்ட் போயிடுத்தும்மா" என்றார். பிலோமினா வாதாடவில்லை. மாடிக்கு நேர் கீழ் அறையில் அவர் மனைவி நோயோடு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த முறை இரண்டு ஆட்களை வைத்து இயந்திரத்தை மாடியின் மறுகோடிக்கு நகர்த்தி, அடியில் பழைய டயர்த் துண்டுகளை வைத்து, சத்தம் கீழே இறங்காமல் செய்தார். பிறகு மீட்டர் குறையவில்லை. பழைய மூன்று தாள்களை என் மேஜையில் வைத்து, "அடிச்சிடுங்கோ மேடம். ஏன்னு கேட்டா மிஷினு நின்னுபோச்சுனு எய்துங்கோ" என்றார். "யார் நிறுத்தினான்னு எழுத வேண்டாமா?" என்றேன். "அது இன்னாத்துக்கு? தாளு செல்லாது, அவ்ளோதான்." அவர் முறை அதுதான். தப்பான எண்ணை உள்ளே விடமாட்டார். தப்பு செய்த ஆளை வெளியே இழுக்கவும் மாட்டார். இந்த இரண்டாவது குணத்தில்தான் நான் பன்னிரண்டு வருடம் குளிர்காய்ந்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் கோதண்டம் என்பவரின் மாட்டுக்கொட்டகை இருந்தது. நான்கு மாடுகள். குடியிருப்பவர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். காற்றில் அமோனியா எவ்வளவு என்று அளந்து சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அளவு அதிகம் என்று நாம் சொன்னால் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். நான்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு அந்த மனுஷன் நகரத்துக்குள் வேறெங்கே போவார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு எண் மட்டும்தான்.

குடியிருப்பின் மாடியில் பிலோமினா நாள் முழுவதும் இருந்து மாதிரி எடுத்தார். வெயிலில் கரைசல் சூடாகக் கூடாது. குழாய்களைச் சுற்றி ஐஸ் வேண்டும். நம் ஆய்வகத்து ஐஸ் இயந்திரம் கெட்டுக் கிடந்ததால் அவரே ஐஸ் கொண்டுவந்தார். சாயங்காலம் குப்பிகள் என் கைக்கு வரும். அவற்றை என் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை மருந்து சேர்த்துப் பார்ப்பேன். அமோனியா இருந்தால் கரைசல் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு அமோனியா. மூன்று நாளும் ஆகாயம் மாதிரி நீலம்.

"இவ்ளோ வராது மேடம்" என்றார் பிலோமினா. "நான் அங்கியே நின்னுக்கினு கீறேன். கண்ணு கூட எரியல. அவுரு ரெண்டு வேளையும் கழுவி வுடறாரு." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூக்கை வச்சா அளக்கறோம்?" என்றேன். மறுமுறை அவர் ஒரு குப்பி அதிகம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதே கரைசல், ஆனால் அதற்குள் காற்றை விடவில்லை. மற்ற குப்பிகளோடு மாடிக்குப் போய், மற்ற குப்பிகளோடு திரும்பி வந்தது. வழியில் நம் கையால் ஏதாவது சேர்கிறதா என்று காட்டுவதற்காக அனுப்பும் வெற்றுக் குப்பி. செய்யவேண்டிய முறைதான், சோம்பலில் நான் விட்டிருந்தேன். வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் 'சும்மா' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் அந்தச் சும்மாக் குப்பியும் நீலமாயிற்று.

அப்படியென்றால் மாடு காரணமில்லை, எங்கள் கையில்தான் எங்கோ கலப்பு. அதுவரை சரியாக யோசித்த என் மூளை அங்கே குறுக்கு வழியில் போயிற்று. "ஐஸ் எங்கேருந்து கொண்டு வர்றே பிலோ?" என்றேன். "எங்க கடைக்கு ஐஸ் எறக்கற வண்டில மேடம். பெரிய கட்டியா வர்ற பார் ஐஸு. மீனு மேல படாதது." கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மீன் கடை என்றதுமே எனக்குத் தீர்ப்பு தயார். மேலாளரிடம் போய், மீன் ஐஸிலிருந்து அமோனியா கலந்திருக்கிறது என்றேன். அன்று பிற்பகலே பிலோமினாவிடமிருந்து மாடிச் சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். அவர் பழையபடி குப்பி கழுவும் தொட்டிக்குப் போனார். சாவி வளையத்தை இடுப்பிலிருந்து கழற்ற வெகு நேரம் ஆனது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேறொருவர் கடையில் வாங்கிய ஐஸோடு போய் மாதிரி எடுத்து வந்தார். அதுவும் நீலம். ஐஸ்தான் மாற்றியாயிற்றே என்று இந்த முறை வெற்றுக் குப்பி அனுப்பவில்லை. ஆகவே மாடுதான் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டியது.

அந்தத் திங்கள் காலை என் மேஜையில் மூன்று குப்பிகள் இருந்தன. சும்மா ஒன்று, சும்மா இரண்டு, சும்மா மூன்று. ஈரக் கையோடு பிலோமினா நின்றிருந்தார். "மூணும் நம்ம கரைசலுதான் மேடம். காத்து உள்ள வுடல. வேறவேற எடத்துல வெச்சிருந்தேன். எதுனு சொல்ல மாட்டேன். போட்டுப் பாருங்கோ." எரிச்சலோடுதான் போட்டேன். சும்மா ஒன்றில் நிறம் வரவில்லை. சும்மா மூன்றில் நிறம் வரவில்லை. சும்மா இரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாயிற்று.

"பாத்தியா, ஐஸ்ல வச்சது எப்படிக் காட்டிக்கொடுக்கறது!" என்றேன்.

"ஐஸ்ல வெச்சது ஒண்ணு மேடம். ரெண்டு நாளா எங்கூட்டு ஐஸ் பெட்டில, மீனுக்குப் பக்கத்துல கெடந்துது. மூணு, தொட்டிக்கிட்ட அலமாரில. ரெண்டு, நீங்க போனப்புறம் உங்க ஃப்ரிஜ்ஜுல வெச்சது."

நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பளபளவென்று இருந்தது. தினமும் சாயங்காலம் கிளம்பும் முன் அதன் தட்டுகளையும் குப்பித் தாங்கிகளையும் நானே துடைப்பேன். யாரையும் தொடவிட மாட்டேன். கண்ணாடி துடைக்க விற்கிறார்களே, நீலத் திரவம், அதைப் பீய்ச்சி அடித்துத் துடைத்துவிட்டு, அன்றைய குப்பிகளை உள்ளே அடுக்கிக் கதவைச் சாத்துவேன். இறுக்கினால் காலையில் திறக்க வராது என்று மூடிகளைத் தளர்த்தியே வைப்பேன். அந்தத் திரவத்தில் அமோனியா உண்டு. புட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. வேதியியலில் பட்டம் வாங்கியவள் நான். இரவு முழுவதும் மூடிய ஃப்ரிட்ஜுக்குள் அது குப்பிகளில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நான் காலையில் புதிதாகக் கலக்கும் கரைசல் ஃப்ரிட்ஜுக்குள் போகாததால் என் தப்பு எனக்குத் தெரியவே இல்லை. மீன் கடைக்காரியின் மகள் கையில் அழுக்கைத் தேடினேன். அழுக்கு என் சுத்தத்தில் இருந்தது.

அறிக்கையை அன்றே நிறுத்தினோம். மாதிரிகளைப் புதிதாக எடுத்துப் பார்த்ததில் அளவு எல்லைக்குள்தான் இருந்தது. கோதண்டத்தின் மாடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. காரணம் எழுதும் இடத்தில் நான் ஒரு வாக்கியம் எழுதினேன்: "மாதிரிகளைக் கையாளும்போது கலப்பு ஏற்பட்டது." கையாண்டது யார் என்று எழுதவில்லை. ஏற்கெனவே ஐஸ் பேச்சு ஆய்வகம் முழுக்கப் பரவியிருந்ததால், கடை ஐஸோடு எடுத்ததும் நீலமானதை யோசிக்காமல், படித்தவர்கள் எல்லோரும் அதை பிலோமினா என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

அதை அவரிடம் படித்துக் காட்டினேன். தொட்டியில் குழாயை மூடிவிட்டுக் கேட்டார். வீட்டில் அப்போது என் கணவருக்கு வேலை இல்லை என்பதும், அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல் இருப்பதும் அவருக்குத் தெரியும். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்தினார்.

"வுடு. மாட்டுக்காரரு பொழச்சாரு இல்ல? எண்ணு சரியாப் போச்சு இல்ல? உன்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டான்னா உனுக்கு இன்னா கீது? எனுக்கு எங்கம்மா கடையாச்சும் கீது." குழாயை மறுபடி திறந்துவிட்டு, "ஆனா என்னிக்காச்சும் ஒரு நாளு நீயே சொல்லிடு. நான் கேக்க மாட்டேன்" என்றார்.

அன்றுதான் முதல்முறையாக என்னை நீ என்றார். பிறகு கடைசிவரை அதை மாற்றவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை. நீலப் புட்டியைக் குப்பையில் போட்டேன். ஒரு எச்சரிக்கைக்குப் பிறகு சாவிகள் அவரிடம் திரும்பி வந்தன, 'ஐஸ் பிலோ' என்ற பட்டப்பெயரோடு. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அவர் சிரித்தபடி "இன்னா நைனா" என்று திரும்பிப் பார்த்ததை நான் பன்னிரண்டு வருடம் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதவி உயர்வு வந்தபின் சொல்லலாம் என்று நினைத்தேன். மேலாளர் மாறியபின் என்று நினைத்தேன். பிறகு பழைய கதையை யார் கிளறுவார்கள் என்று நினைத்தேன்.

அவர் கேட்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கப் போகும்போதும் இரண்டு வெற்றுக் குப்பிகள் தயார் செய்வார். "இது என்னோட சும்மா, இது உன்னோட சும்மா" என்பார். ஒன்று அவருடன் மாடிக்குப் போகும். ஒன்று என் ஃப்ரிட்ஜில் இரவு இருக்கும். மறுநாள் காலை இரண்டையும் நான் போட்டுப் பார்க்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். "நிறம் வரல" என்பேன். "செரி, எய்திக்கோ" என்பார். அதற்குமேல் ஒரு பேச்சு கிடையாது. அது கண்டித்ததா, மன்னித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சில காலைகளில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குப்பியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. இப்போது இதைச் சொல்வதால் எனக்குப் பெரிதாக ஒன்றும் போய்விடாது. ஆகவே துணிச்சல் என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். சொல்லவேண்டியதை, கேட்கவேண்டியவர் போனபிறகு சொல்கிறேன். மீன் ஐஸில் ஒரு குற்றமும் இல்லை. மயிலாப்பூர் மாதிரிகளைக் கெடுத்தது நான்தான்.

இதை உங்களிடம் கொடுக்குமுன் ஜெனிதாவிடம் படித்துக் காட்டப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். முடித்ததும், "தெரியும் மேடம்" என்றார்.

"அம்மா சொன்னாளா?"

"அன்னிக்கே சொல்லிச்சு. நான் அப்போ ஸ்கூல் போய்க்கினு இருந்தேன். 'அந்தம்மா ஒரு நாளு சொல்லும், பாத்துக்கினே இரு'ன்னுச்சு. அன்னிக்கு வாசல்ல அவுரு அந்தக் கதைய சொன்னாரு இல்ல, அப்போதான் சொல்லுவீங்கனு உங்களையே பாத்துக்கினு இருந்தேன் மேடம்."

ஜெனிதா உள்ளே போய் அம்மாவின் வேலைப் பையை எடுத்து வந்தார். அதில் ஒரு பிளாஸ்டிக் தாளில், அடுத்தடுத்த வாரங்களுக்காக வெட்டி ஒட்டி வைத்த பிளாஸ்திரித் துண்டுகள் இருந்தன. ஒரு வரிசையில் 'சும்மா பிலோ'. அடுத்த வரிசையில் 'சும்மா வச்சலா'. என் பெயரை அவர் வாய் சொல்வது போலவே எழுதுவார்.

அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். நேற்று மாலை அதிலிருந்து என் பெயர் எழுதிய ஒரு துண்டைப் பிய்த்து, கரைசல் நிரப்பிய ஒரு குப்பியில் ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இன்று காலை வந்து மருந்து சேர்த்துப் பார்த்தேன். நிறம் வரவில்லை. "நிறம் வரல" என்று சத்தமாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நானே எழுதிக்கொண்டேன்.